அடுத்தவங்க வண்டி

ஆகாதுங்க தம்பி. நீங்க கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். இந்த கேம்பர் வேனோட இன்சூரன்ஸ் இந்த வேனுக்கு மட்டுந்தான். நாளைக்கே உங்க பேருக்கு மாத்திக் குடுத்தாலும் அப்பிடித்தான். உங்க சிநேகிதர் காரை நீங்க எடுத்துட்டுப் போய் எங்கயாவது இடிச்சீங்கன்னா, அந்தக் காரோட பாலிசிதான் வந்து நிக்கோணும். இது வராது.

வண்டி பாக்க இதுவரைக்கும் ஏழு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க. பெட்டு எத்தனை அடி நீளம், அடுப்பு எந்தப் பக்கம், மேல சோலார் எத்தனை வாட்டு, இதெல்லாம் கேட்டாங்க. இந்தக் கேள்விய கேட்டது நீங்க ஒருத்தர்தான். நான் வாங்கினப்பவே இதைக் கேட்டிருக்கோணும். கேக்கல. கேக்காததோட விட்டிருந்தாலும் பரவால்ல. பதில் தெரிஞ்ச மாதிரி எல்லார்த்துக்கும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

உக்காருங்க. அம்மணி, நீங்களும் உக்காருங்க. ஏன் விக்கறீங்கன்னு கேட்டதுக்கு வயசாயிருச்சுன்னு போன்ல சொன்னனுங்க. அது பொய். அறுபத்தொண்ணு ஒரு வயசா. கோர்ட்டுல என் லைசென்ஸை ஒரு வருசத்துக்கு நிறுத்தி வெச்சிருக்காங்க. வாங்கறவங்ககிட்ட மறைக்கக்கூடாது, அதனால சொல்றேன். இந்த வண்டி மேல ஒரு கேஸும் இல்லீங்க. அதுல ஒரு கீறல் கிடையாது. கேஸெல்லாம் என் மேலதான்.

நான் இங்க பொள்ளாச்சியில ஒரு நூல் மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்தேன். இருபத்தெட்டு வருசம். என் பேரு திருமலைச்சாமின்னு ரேசன் கார்டுல இருக்கு, ஆனா மாஸ்டர்னாத்தான் எல்லார்த்துக்கும் தெரியும். யாருக்கு என்ன சந்தேகம்னாலும் என்கிட்டத்தான் வருவாங்க. பி.எப். பாரமா, பத்திரமா, பாஸ்போர்ட்டா, மாஸ்டரைக் கேளுன்னுதான் பேச்சு. எனக்கும் தெரியாதுன்னு சொல்லிப் பழக்கமில்லாமப் போச்சு.

வெள்ளிங்கிரி என்கிட்ட வேலை செஞ்சவன். மில்லுல ஆளைக் கொறைச்ச பொறகு ஒரு ஸ்கூல்ல வேன் டிரைவராச் சேர்ந்தான். அந்த வேலை நான் சொல்லித்தான் கெடச்சுது. அதை நான் அவன்கிட்டச் சொல்லிக் காட்டினதில்லீங்க. ஒருக்கா, ரெண்டுக்கா பேச்சு வாக்குல வந்திருக்கும். பதினோரு வருசம் ஓட்டினான். ஒரு கொழந்தைக்குக்கூட நகக்கண் அளவுக்குக் காயமில்லை. அவன் வீட்டுக்கு ஒரு பழைய சின்னக் காரும் வாங்கி வெச்சிருந்தான்.

ரிட்டயர் ஆன காசுல இந்த வேனை வாங்கி, பெட்டு, அடுப்பு, தண்ணி டேங்கு எல்லாம் வெச்சு, ஆர்.டி.ஓ.வுல கேம்பர் வேன்னே பதிஞ்சு வாங்கினேன். எம்பொண்ணு ஹேமா இங்கிலாந்துல இருக்கா. அவ வீட்டுக்காரர் ஒருநாள் போன்ல பேசிட்டு இருக்கறப்ப, "மாமா, என் பாலிசியில நான் அடுத்தவங்க காரை ஓட்டினாலும் கவர் இருக்கு"ன்னாரு. அது அந்த ஊர்ல, அவர் காரு பாலிசியில. எனக்கு அது போதுமா இருந்துச்சு. என் பாலிசியும் பெரிய பாலிசி, அதைவிட அதிகமாக் கட்டியிருக்கேன், அப்ப எனக்கும் இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன். பின்னால அவரே சொல்றாரு, அங்ககூட எல்லா பாலிசியிலயும் அது கிடையாதாம், கேம்பர் வேனுக்கெல்லாம் பெரும்பாலும் தரமாட்டாங்களாம். இதை முன்னாலயே சொல்லியிருக்கலாம் அவரு. நான் கேட்டிருக்கலாம்னு நீங்க சொல்றீங்க. அதுவும் சரிதான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால, பொங்கல் லீவுல, வால்பாறை போனோம். நானும் என் வீட்டுக்காரி கமலவேணியும் வேன்ல. வெள்ளிங்கிரியும் அவன் சம்சாரம் துளசிமணியும் அவன் கார்ல பின்னாலயே வந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் எஸ்டேட்டுல கணக்கரா இருந்தாரு, அவர் குவார்ட்டர்ஸ் பக்கத்துல வேனை நிறுத்திக்கச் சொன்னாரு. நல்ல எடம். குளிரு, தேயிலை, எதிர்ல ஒரு ஓடை. நான் துணிப் பந்தலை இழுத்துக் கட்டி, நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டு, அடுப்பை வெளிய வெச்சு, வீடு மாதிரி பண்ணிட்டேன்.

மறுநாள் காலைல சோலையாறு டேம் பாத்துட்டு வரலாம்னு நான்தான் கெளப்பினேன். பொம்பளைங்க ரெண்டு பேரும் சமையல்ல இருந்தாங்க, நீங்க போயிட்டு வாங்கன்னுட்டாங்க.

வெள்ளிங்கிரி சொன்னான், "மாஸ்டர், வேன்லயே போயிரலாங்க. என் காருக்கு இன்சூரன்ஸ் செவ்வாய்க்கெழமையோட முடிஞ்சுருச்சு. சம்பளம் வந்ததும் கட்டலாம்னு இருந்தேன். நீங்க கூப்பிட்டீங்கன்னுதான் பயந்து பயந்து மேல ஏத்திட்டு வந்தேன்."

பந்தலை அவுக்கோணும், அடுப்பை உள்ள வெக்கோணும், அத்தனையும் மறுபடி பிரிச்சு மாட்டோணும். எனக்குச் சோம்பல். "காரை நான் ஓட்றேன். என் பாலிசி இருக்கு. நான் எந்த வண்டிய ஓட்டினாலும் அது கவராகும்"னேன்.

அவன் தலையச் சொறிஞ்சுட்டே நின்னான். "இன்சூரன்ஸ் வண்டிக்குத்தானுங்களே மாஸ்டர், ஆளுக்கு இல்லீங்களே. எங்க ஸ்கூல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"உங்க ஸ்கூல்ல சொல்றது ஸ்கூல் வேனுக்கு. இது வேற. நான் படிச்சுப் பாத்துட்டேன்"னு சொன்னேன்.

படிக்கல தம்பி. அந்தப் பாலிசி கவர்ல இருந்து வெளிய வந்ததே இல்லை. பதினோரு வருசமா அதையே தொழிலாச் செய்யறவன் சரியாச் சொன்னான். நான் படிச்சுப் பாத்துட்டேன்னு சொன்னதும், "அப்பச் சரிங்க"ன்னு சாவிய எடுத்து என் கையில குடுத்துட்டான். நான் சொன்னா அவன் மறுத்துப் பேசமாட்டான். மில்லுல இருந்தே அப்பிடி.

இன்னொண்ணும் சொல்லோணும். வருசம் பூராவும் அவனே ஓட்டறான், ஒருநாளாச்சும் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கட்டும்னும் நெனச்சேன். அது நெசமாவே நல்ல எண்ணந்தானுங்க.

அந்த ரோட்டுல சிங்கவால் கொரங்கு இருக்கும். நான் ஓட்டிட்டே அவனுக்கு வெளக்கம் சொல்லிட்டுப் போறேன், இது உலகத்துலயே இந்த மலையிலதான் இருக்கு, பிடரி முடியப் பாரு, வாலைப் பாருன்னு. அவன் "ரோட்டைப் பாருங்க மாஸ்டர்"னு ரெண்டுக்காச் சொன்னான். மூணாவது தடவை அவன் சொல்லல, ஸ்டியரிங்கைப் புடிக்கக் கையை நீட்டினான். அதுக்குள்ள வளைவு வந்துருச்சு. ஓரத்துல ஒரு அம்மா தேயிலை மூட்டையத் தலையில வெச்சுட்டுப் போயிட்டு இருந்தாங்க.

சத்தம் பெருசா இல்லீங்க. மூட்டை அவுந்து கண்ணாடி பூரா பச்சை எலையாக் கொட்டிருச்சு, முன்னால ஒண்ணும் தெரியல. நான் பிரேக்கை அமுத்திட்டே உக்காந்திருக்கேன். வெள்ளிங்கிரி எறங்கி ஓடிட்டான்.

அந்த அம்மா பேரு பேச்சியம்மாள். அம்பது வயசு இருக்கும். காலு ஒடஞ்சு முட்டிக்குக் கீழ வேற பக்கமாத் திரும்பிக் கெடந்துச்சு. கத்தவே இல்லை. என்னைப் பாத்துட்டே இருந்தாங்க. நான் கார்ல இருந்து எறங்கி வர்றதை, டிரைவர் சீட்டுல இருந்து எறங்கி வர்றதை, அவங்க நல்லாப் பாத்தாங்க.

தூக்கிப் பின்சீட்டுல படுக்க வெச்சோம். நான் சாவியத் தப்புத் தப்பாத் திருப்பிட்டு இருந்தேன். வெள்ளிங்கிரி என்னை நகரச் சொல்லிட்டு அவனே ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி போய் நின்னப்ப ஸ்டியரிங்ல இருந்தது அவன். வாட்ச்மேன் பாத்தாரு, நர்சு பாத்தாங்க, எல்லாரும் அதைத்தான் பாத்தாங்க.

ஒருமணி நேரங்கழிச்சு ஸ்டேஷன்ல இருந்து ஒரு ஏட்டு வந்தாரு. வராந்தாவுல பெஞ்சுல நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். நோட்டைப் பிரிச்சுட்டு, "வண்டிய ஓட்டினது யாரு"ன்னாரு.

இந்த எடத்தைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. ஏன்னா நான் பொய் சொல்லல. கோர்ட்டுலயும் அதைத்தான் சொன்னேன். நான் ஓட்டலன்னு ஒரு வார்த்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. ஏட்டு கேட்டாரு. வெள்ளிங்கிரி என் மூஞ்சியப் பாத்தான். நான் ஏட்டைப் பாத்து, "எம்பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். இங்கிலாந்துக்கு எனக்கும் சம்சாரத்துக்கும் போன வாரந்தான் விசா வந்துச்சு"ன்னு சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பதட்டத்துல என்னென்னமோ வாயில வருமில்லீங்களா, அப்பிடி வந்துருச்சு. ஏட்டுக்குக்கூட ஒண்ணும் புரியல. "அதை ஏனுங்க என்கிட்டச் சொல்றீங்க"ன்னாரு.

வெள்ளிங்கிரிக்குப் புரிஞ்சுது. "நான்தானுங்க சார் ஓட்டினேன். என் காருங்க"ன்னான்.

நான் கேட்டனா அவனை? கேக்கவே இல்லை. அதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பாத்துட்டேன். கேக்கல, கேக்கலன்னு. அந்த விசாப் பேச்சை நடுவுல இருந்து எடுத்துட்டாத்தான் அது நெசம்.

அன்னைக்குச் சாயங்காலம் வேனுக்கு வந்து மொத வேலையா ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். அவரு சிரிச்சுட்டாரு. "மாஸ்டர், பாலிசி உங்க வேனுக்கு. அதை நீங்க ஓட்டினாலும் கவர், லைசென்ஸ் இருக்கற வேற ஆளு ஓட்டினாலும் கவர். வேற காருக்கு அந்தக் காரோட பாலிசிதான். அதுல பாலிசி இல்லைன்னா ஒண்ணுமில்லை. உங்க பாலிசியில மொதப் பக்கத்துலயே வண்டி நெம்பர் போட்டிருக்குமே"ன்னாரு. கவர்ல இருந்து எடுத்துப் பாத்தேன். போட்டிருந்துச்சு.

அதை நான் வெள்ளிங்கிரிகிட்டச் சொல்லல. அவன் ஓடைப் பக்கம் உக்காந்து காரைக் கழுவிட்டு இருந்தான். கண்ணாடி இடுக்குல எல்லாம் எலை. ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்துட்டு இருந்தான். என்னைப் பாத்து, "அந்த பாலிசி என்னாச்சுங்க மாஸ்டர்"னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவன் கேக்கல.

அடுத்த மாசம் நாங்க இங்கிலாந்து போயிட்டோம். பேத்தி பொறந்தா. நாலு மாசம் இருந்தோம். நல்லாத்தான் இருந்தோம்னு சொல்லோணும். கமலவேணி மட்டும் சரியாப் பேசமாட்டா. யாரு ஓட்டினதுன்னு அவளுக்கு நான் சொல்லவே இல்லை, ஆனா நானும் வெள்ளிங்கிரியும் காரெடுத்துட்டுப் போனப்ப யாரு எந்தப் பக்கம் ஏறினதுன்னு அவ அடுப்புக்கிட்ட இருந்தே பாத்திருக்கா. துளசிமணியும் பாத்திருக்கா. பொம்பளைங்க ரெண்டு பேரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல. அதுக்கப்பறம் ரெண்டு பேரும் பேசிக்கறதே நின்னு போச்சு.

திரும்பி வந்து பாக்கறேன், வெள்ளிங்கிரிக்கு வேலை இல்லை. கேஸ் இருக்கற ஆளை வெச்சுக் கொழந்தைகளை ஓட்டவிட முடியாதுன்னு ஸ்கூல்ல நிறுத்திட்டாங்க. லைசென்ஸையும் ஆர்.டி.ஓ.வுல வாங்கி வெச்சுட்டாங்க. அவன் ஒரு தென்னை நாரு மில்லுல தேங்கா மட்டையில இருந்து எடுக்கற மஞ்சியக் காயப் போடற வேலைக்குப் போயிட்டு இருந்தான். நான் அவன் வீட்டுக்கு ரெண்டு பை நெறைய சாக்லெட்டு எடுத்துட்டுப் போனேன். அங்கிருந்து கொண்டாந்தது. அவன் வாங்கி வெச்சுட்டு, பேத்தி போட்டோ காட்டுங்கன்னான். காட்டினேன். "உங்க சாடைங்க மாஸ்டர்"னான். இருமிட்டே சொன்னான். அந்த நாருத் தூசி அவனுக்கு ஒத்துக்கல.

அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். அப்பவும், கேஸு சின்னக் கேஸுதான், அபராதம் போட்டு விட்டுருவாங்கன்னு வக்கீல் சொல்றாருன்னு அவனுக்குத் தைரியம் சொல்லிட்டு வந்தேன்.

கேஸு வால்பாறை கோர்ட்டுல நடந்துச்சு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவனை என் வேன்ல நான்தான் கூட்டிட்டுப் போவேன். அதுல ஒரு கொறை வெக்கல. வழியில டிபன் வாங்கித் தருவேன். பின்னால உக்காந்து கேட்டுட்டும் இருப்பேன்.

பேச்சியம்மாளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டாங்க. கம்பு ஊனிட்டு வந்தாங்க. காலுல கம்பி வெச்சிருக்காங்களாம், சரிவுல ஏற முடியாது, கொழுந்து பறிக்க முடியாது. எஸ்டேட்டுல பிள்ளைக் காப்பகத்துல உக்கார வெச்சிருந்தாங்க, பாதிக் கூலிக்கு.

அரசு வக்கீல் கேட்டாரு, "உங்க மேல மோதின வண்டிய ஓட்டினது யாருன்னு பாத்தீங்களாம்மா?"

அவங்க வெள்ளிங்கிரியப் பாத்தாங்க. அப்பறம் அப்பிடியே மெதுவாத் திரும்பி, பின்வரிசையில என்னைப் பாத்தாங்க. ரோட்டுல கெடந்தப்ப பாத்த மாதிரியே பாத்தாங்க. சொல்லப் போறாங்க, சொல்லட்டும், முடிஞ்சுரும்னும் ஒரு நெனப்பு. சொல்லிரக் கூடாதேன்னும் ஒரு நெனப்பு.

"சரியா நெனவில்லைய்யா"ன்னு சொல்லிட்டாங்க.

வெளிய வந்ததும் நான் அவங்ககிட்டப் போனேன். எதுக்குப் போனேன்? நன்றி சொல்லத்தான் போயிருக்கேன், இப்ப நெனச்சாக் கூசுது. நான் வாயெடுக்கறதுக்கு முன்னால அவங்களே சொன்னாங்க.

"அந்தத் தம்பி மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை பஸ்ஸேறி வீட்டுக்கு வந்துட்டுப் போகுது. தண்ணி எடுத்து வெக்கும், வெறகு பொளந்து போடும். உங்க பேரைச் சொல்லிராதீங்கன்னு அதுதான் என்கிட்டக் கேட்டுக்கிட்டது. அதுக்காகத்தான் சொல்லல. ஒரு நாளாவது நீங்க வருவீகன்னு பாத்தேன்."

அவ்வளவுதான். கம்பை ஊனிட்டுப் போயிட்டாங்க. திட்டல, சபிக்கல.

வெள்ளிங்கிரி டீக்கடையில நின்னுட்டு எனக்கும் சேத்து டீ சொல்லிட்டு இருந்தான். அவன் ஞாயித்துக்கிழமை எங்க போறான்னு நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த வாய்தாவுல நான் எந்திரிச்சேன். யாரும் சொல்லி இல்லீங்க, நானாத்தான் எந்திரிச்சேன், அதையும் நீங்க கவனிக்கோணும். "ஐயா, அன்னைக்குக் காரை ஓட்டினது நான்"னு சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வெள்ளிங்கிரி மட்டும் பாக்கல, தலையக் குனிஞ்சுட்டான்.

மாஜிஸ்திரேட்டு ஒரு பொம்பளை, சின்ன வயசு. "இத்தனை நாள் ஏன் சொல்லலை?"ன்னு கேட்டாங்க. "நான் ஓட்டலன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லீங்க"ன்னேன்.

மறுபடி விசாரிச்சாங்க. கேஸு என் மேல திரும்புச்சு. குத்தத்தை ஒத்துக்கிட்டேன், அபராதம் போட்டாங்க, லைசென்ஸை நிறுத்தினாங்க. வெள்ளிங்கிரி வெளிய வந்துட்டான்னு நெனச்சேன். போலீசுக்குப் பொய் சொன்னதுக்கு அவன் மேல தனியா ஒண்ணு போட்டாங்க. அதுக்கும் அலைஞ்சான், அதுவும் அபராதத்தோட முடிஞ்சுது. லைசென்ஸ் திரும்பிக் கெடச்சுது. வேலை கெடைக்கல. பொய் சொன்ன ஆளை எப்பிடி நம்பிக் கொழந்தைகளை ஏத்தறதுன்னு ஸ்கூல்ல கேக்கறாங்க. நான் போய்ச் சொல்லியும் கேக்கல. காருக்கு பாலிசி இல்லாததால பேச்சியம்மாளுக்கு நஷ்டஈடு நாங்கதான் தரோணும்னு ஆயிருச்சு. அவன் பங்கையும் சேத்து நானே தர்றேன்னுட்டேன். இந்த வண்டி விக்கறது அதுக்குத்தான்.

போன மாசம் அவன் வீட்டுக்குப் போய், மொத மொதலா உக்காந்து மன்னிப்புக் கேட்டேன். பாலிசியப் படிக்காமப் படிச்சேன்னு சொன்னது, ஏஜெண்டு சொன்னதை மறைச்சது, எல்லாத்தையும் சொன்னேன். துளசிமணி உள்ள இருந்து வெளிய வரல. அவன் சட்டைப் பொத்தானைத் திருகிட்டே கேட்டுட்டு இருந்தான்.

"பாலிசி உங்களுக்குக் கெடையாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியுங்க மாஸ்டர். தெரிஞ்சேதான் சாவியக் குடுத்தேன். உங்களை மறுத்துச் சொல்ல வாய் வரல. அது என் தப்பு"ன்னான்.

"இல்லடா"ன்னேன்.

"ஏட்டு கேட்டப்ப, நான்தான் ஓட்டினேன்னு நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா நானே உங்க கையப் புடிச்சு நிறுத்திட்டு, இல்லீங்க சார், நான்தான்னு சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன். எனக்கு வேலை போயிருந்தாலும் சந்தோசமா இருந்திருக்கும்"னான்.

அதுக்கப்பறம் அவனுக்கு இருமல் வந்துருச்சு. நான் எந்திரிச்சுப் போய்ச் செம்புல தண்ணி மொண்டு குடுத்தேன். வாங்கிக் குடிச்சான். குடிச்சுட்டு, நேரமாச்சுங்க, நாரு மில்லுக்குப் போகோணும்னு கெளம்பிட்டான்.